எந்த கேஸ்?

தொணதொணாவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் சித்தப்பாதான். கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாளாம்! அந்தச் சித்தப்பா இப்போது உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இரண்டு கைகளிலும் கட்டு. போன மாதம் ஃபிரிட்ஜ் பழுது பார்த்தபோது குப்பென்று தீப்பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் வாயே திறப்பதில்லை.

"பாழாப்போன டார்ச்! டியூப் ஒழுகியிருக்கு" என்று சொல்லி, குழாய் ஒட்டவைக்கும் அந்த நெருப்பு டார்ச்சை அப்பா தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கினார்.

ஒரு நாள் நல்ல மழை. அப்பா பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, புது மாடல் ஃபிரிட்ஜ் ஒன்றின் பின்பக்கக் குழாயை வெட்டினார். புஸ்ஸென்று கேஸ் வெளியே போனது. வழக்கம்போல, குழாயை ஒட்டவைக்க உடனே டார்ச்சைக் கையில் எடுத்தார்.

"அப்பா, இது எந்த கேஸ்?"

"ஆரம்பிச்சிட்டியா? கேஸ்னா கேஸ்தான். லைட்டர எடு."

லைட்டரை எடுக்கக் குனிந்தவள் கண்ணில் அது பட்டது. ஃபிரிட்ஜ் மோட்டார்மேல் ஒரு மஞ்சள் முக்கோணம், அதற்குள் தீ எரிகிற படம். லைட்டரோடு கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் ஓடினாள்.

"ஏய், விளையாடற நேரமாடி இது?" அப்பா துரத்திக்கொண்டு வந்தார்.

"மோட்டார் மேல தீப்படம் போட்டிருக்குப்பா! இந்த கேஸ் எரியும்!"

அப்பா வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். பிறகு மழைக்குள் இறங்கி அவளிடம் வந்தார்.

"பழைய கேஸ் எரியாதும்மா. திறந்து விட்டுட்டு உடனே நெருப்பு வெப்போம். கை அப்படியே பழகிப்போச்சு." அவர் கையிலிருந்த டார்ச்சைக் கீழே வைத்தார். "டார்ச் இல்ல... சித்தப்பா கையச் சுட்டதும் இந்த கேஸ்தான்."

கேஸ் கலைந்து போகட்டும் என்று இருவரும் மழையிலேயே நின்றார்கள்.

"எரியாத கேஸையே போடலாமேப்பா?"

"அது நம்மளச் சுடாது. ஆனா மேல போயி, வெயிலோட கெட்ட கதிர தடுக்குற படலத்த அரிச்சிடும். அடுத்து வந்த கேஸ் பூமியையே சூடாக்குது. அதனாலதான் இதக் கொண்டுவந்தாங்க."

"அப்போ மூலையில ஒரு பழைய ஃபிரிட்ஜ் நிக்குதே, அதோட கேஸையும் வெளியதான் விடப்போறீங்களா?"

கேஸ் கலைந்ததும் அப்பா உள்ளே போய், அந்த கேஸைப் பிடித்து அடைக்க ஒரு காலி சிலிண்டரைத் தேடி எடுத்து வைத்தார்.

சாயங்காலம் அவர் சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சித்தப்பா சுவரைப் பார்த்தபடியே அழுதார். அப்போது போன் அடித்தது.

"கூலிங் இல்லையா? கேஸ் போயிருக்கும். காலையில வந்துடறேன்" என்றார் அப்பா.

கட்டுப் போட்ட கை ஒன்று அவர் தோளைத் தொட்டது.

"அண்ணே," என்றார் சித்தப்பா, "எந்த கேஸ்னு கேளு."