ஹமிதுல்லா பட்டறையில ஒரே மாதிரி விழுந்த கோடுகள்

எல்லாரும் நல்லா இருக்கீங்களா கண்ணுங்களா? உடம்பெல்லாம் எப்படி இருக்கு? மூட்டு வலின்னு எழுதியிருந்தவங்களுக்கு இப்ப தேவலையா? இங்க தாஷ்கென்ட்ல வசந்தக் காத்து ஒருத்தரையும் ஒரு இடத்துல உக்கார விடமாட்டேங்குது. சரி, கதைக்கு வரேன்.

தோல்கினுக்கு அன்னிக்குக் காலு தரையில நிக்கல. டாக்ஸி ஓட்டுறவன்தான், ஆனா சவாரியை விட லத்தோஃபத் பின்னாடி துப்பு துலக்கப் போறதுன்னா உசுரு. லத்தோஃபத் கோர்ட்டுக்கு ஒலிப்பதிவெல்லாம் பரிசோதிச்சுக் குடுத்து ரிட்டயர் ஆனவ. எல்லாரும் ஓபான்னுதான் கூப்பிடுவாங்க, நம்ம அக்கா மாதிரி; ஆம்பளைன்னா அகா, நம்ம அண்ணன் மாதிரி.

அவ வீட்டுக்கு வந்த ஜெபினிசோ, ஊத்திக் குடுத்த டீயைத் தொடவே இல்ல.

"ஓபா, சாயங்காலத்துக்குள்ள என் பேரு கெட்டுடும். நான் ஏமாத்துக்காரின்னு எங்க முதலாளி வேற ஒரு பட்டறைக்கு ஏற்கனவே போன் போட்டுட்டார். இனிமே எனக்கு யாரு வேலை குடுப்பா?"

"மெதுவா சொல்லும்மா. என்ன வேலை?"

அந்த முதலாளி ஹமிதுல்லாவோட பட்டறையில ஹெட்போன் செய்யறாங்க. ரப்பர் காது வச்ச ஒரு பொம்மைத் தலை இருக்கும், காதுக்குள்ள மைக். ஹெட்போனை மாட்டிவிட்டு, தடிச்ச சத்தத்துலேர்ந்து கீச்சுச் சத்தம் வரைக்கும் ஓட்டினா, எது எவ்வளவு கேக்குதுன்னு கம்ப்யூட்டர் ஒரு கோடு போடும். ஒரே ஹெட்போனை ஜெபினிசோவும் இஸ்கந்தர்னு ஒருத்தனும் தினமும் அளந்தாங்க. தனித்தனி ரூம், தனித்தனி பொம்மை. இஸ்கந்தரோட கோடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே படிஞ்சிருக்கு. இவளோடது தடிச்ச சத்தம் வர்ற பக்கம் தினம் ஒரு மாதிரி.

"போட்டிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டு கெடுக்கறேங்கறார். இன்னிக்கு சாயங்காலம் இஸ்கந்தரோட கோட்டைத்தான் ஹெட்போன் வாங்கப் போற சங்கீதப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறார்."

தோல்கின் அதுக்குள்ள சாவியை எடுத்துட்டான். "பொம்மைக் காதை எவனோ அறுத்திருக்கான் ஓபா! நான் அப்பவே நினைச்சேன்."

"எப்பவே? இவ இப்பதானேடா சொன்னா?"

பட்டறையில ஹமிதுல்லா ரெண்டு பேரோட கோடுகளையும் செவுத்துல ஒட்டி வச்சிருந்தார். தோல்கின் பொம்மைக் காதைத் தடவித் தடவிப் பாத்தான். ஒரு கீறல் இல்ல.

"இந்தச் சனிக்கிழமைக் கோட்டைப் பாருங்க ஓபா," ஹமிதுல்லா விரலால குத்தினார். "மழிக்காத தாடி மாதிரி இருக்கு. இதுக்குப் பேரு வேலையா?"

"பக்கத்து வீட்டுக் கல்யாணம் அகா! வாசல்ல கர்னாய் ஊதினாங்கன்னு சொன்னேனே," ஜெபினிசோ முன்னால வந்தா.

"ஊதினான்தான். காலங்காத்தால ஆம்பளைங்க புலாவுக்கு உக்காந்தப்பவே ஆரம்பிச்சுட்டான். ஆளு உசரக் கொம்பு! என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவன்கிட்டயே நான் கையாலதான் பேசினேன். ஆனா அதே காலைல இஸ்கந்தரும் அளந்திருக்கானே, அவன் கோடு எப்படி சுத்தமா இருக்கு?"

இஸ்கந்தர் சிரிச்சான். "என் ரூம் ஜன்னல் கெட்டி ஓபா. சாத்திட்டா வெளிய இடி விழுந்தாலும் கேக்காது. பட்டறை திறந்ததும் அளந்துடுவேன், ஒரு நாள் தவறினதில்ல."

லத்தோஃபத் அவன் ரூமுக்குப் போய் ஜன்னலைச் சாத்தி, அவனை ஒரு தடவை அளக்கச் சொன்னா. "தோல்கின், உன் தகர டப்பாவை ஜன்னலுக்குக் கீழ நிறுத்தி ஆக்ஸிலேட்டரை நல்லா மிதி."

"தகர டப்பாவா? ஓபா, அது வண்டி!" ரோஷம்தான், ஆனா ஓடினான். மிதிச்ச மிதியில தெரு நாயெல்லாம் ஓடிப்போச்சு. திரும்ப உள்ள வந்தா, கம்ப்யூட்டர்ல இஸ்கந்தரோட புதுக் கோடு சிலுத்துக்கிட்டு நிக்குது.

"இப்ப அமைதியாத்தான் இருக்கு. ஹெட்போனைக் கழட்டி மறுபடி மாட்டி அளந்து காட்டு இஸ்கந்தர்," லத்தோஃபத் சொன்னா. "இன்னொரு தடவை. இன்னொண்ணு."

மூணு கோடு, மூணும் வேற வேற. தோல்கினுக்கு இருப்புக் கொள்ளல. "அப்ப பொம்மைதான் கெட்டுப்போச்சா?"

"பொம்மை நல்லாத்தான் இருக்கு. காதுக்கும் மெத்தைக்கும் நடுவுல மயிரிழை சந்து விட்டாலும் தடிச்ச சத்தம் வெளிய ஓடிடும். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் கொஞ்சம் நகரும். மனுஷங்க காதுலயும் அப்படித்தானே? ஜெபினிசோ தினமும் கழட்டி மாட்டி அளந்தா, கோடு ஆடுச்சு. ஆடாத கோட்டைப் பாத்துத்தான் நீங்க சந்தேகப்பட்டிருக்கணும் ஹமிதுல்லா."

"கழட்டாமலே அளந்திருப்பானோ?" ஹமிதுல்லா கேட்டார்.

"அப்படின்னாலும் சனிக்கிழமை கொம்புச் சத்தம் விழுந்திருக்கும். விழல. அன்னிக்கு அவன் அளக்கவே இல்ல. புலாவுக்கு நீங்க யாரோட ஒரே தட்டுல உக்காந்தீங்க?"

ஹமிதுல்லா இஸ்கந்தர் பக்கம் திரும்பினார். "இவன்தான்! இறைச்சியெல்லாம் என் பக்கம் தள்ளி விட்டான். பட்டறை திறந்து வெயில் ஏறுற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கதான் இருந்தோம். அட முட்டாப்பயலே! உன்னைச் சொல்லல, என்னைச் சொன்னேன். உன்னையும்தான்!"

இஸ்கந்தர் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "மொத நாள் கோடு அழகா வந்துச்சு அகா. நீங்க முதுகுல தட்டிக் குடுத்தீங்க. மறுநாள் மாறிப்போச்சு. கோடு மேல கோடு விழலைன்னா வேலை தெரியாதவன்னு சொன்னீங்களே, பயந்துட்டேன். மொதக் கோட்டையே தேதி மாத்தி மாத்தி வச்சுட்டேன்."

தோல்கினுக்கு அவனை நாலு அறை விடணும்னும் இருந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு.

ஹமிதுல்லா தொண்டையைக் கனைச்சார். "சரி தங்கச்சி, நாளைக்கு வழக்கம் போல வந்துடு. உன் கோடுகளையே அனுப்பறேன், எல்லாத்தையும்."

ஜெபினிசோ நகரல. "சனிக்கிழமைதை மட்டும் திரும்ப அளந்து தரேன். நாளைக்கு வரதைப் பத்தி அப்புறம் பேசலாம் அகா. மொதல்ல அந்தப் பட்டறைக்குப் போன் போடுங்க. என் முன்னாடி. இவங்க எல்லாரும் கேக்க."

"இப்பவேவா?"

"அன்னிக்கு என்னைப் பத்திச் சொல்லும்போது நீங்க நாளு பாத்தீங்களா?"

அவர் மீசையைத் தடவினார், ஜன்னலைப் பாத்தார், லத்தோஃபத்தைப் பாத்தார். யாரும் உதவிக்கு வரல. போனை எடுத்தார். "ஆமா, ஹமிதுல்லாதான். அந்தப் பொண்ணைப் பத்திச் சொன்னேன்ல... தப்பு என் பேர்ல. இல்ல, அவ நல்லாத்தான் அளந்தா. எனக்குத்தான் பாக்கத் தெரியல." அந்தப் பக்கம் யாரோ பலமா சிரிக்கறது ரூம் முழுக்கக் கேட்டுச்சு. அவர் போனை வைக்கல, சிரிச்சு முடியற வரைக்கும் நின்னு கேட்டுக்கிட்டார்.

ஜெபினிசோ அப்பதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கா? நேர்மையா வேலை செஞ்சதுக்கே திருட்டுப் பட்டம் வாங்கியிருக்கீங்களா? எப்படி வெளிய வந்தீங்கன்னு ஒண்ணு விடாம எழுதுங்க, கண்ணாடியைத் துடைச்சு வச்சுக்கிட்டுக் காத்திருக்கேன்.