ஈரக் குவளை

இரண்டாம் தாரமாக அவள் அந்த வீட்டில் வந்து இறங்கிய பகலில், அவளை முதலில் வரவேற்றது ஒரு வாசனைதான். வீட்டின் பக்கவாட்டிலிருந்த தகரக் கொட்டகையிலிருந்து வந்தது. துருவும் ஈரமும் கலந்து, அடியில் லேசாக ஒரு தித்திப்பு. உள்ளே ஒரு பழைய கார் நின்றது. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டின் வாசனை அது என்று பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

கார், மூத்தவளுடையது. காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்ததிலிருந்து சும்மா நின்றது. கணவனுக்கு ஓட்டத் தெரியாது. மூத்தவளின் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆபீஸ் போகலாமே என்று இவள்தான் சாவியைக் கேட்டாள். அவன் கொஞ்சம் தயங்கி, முகத்தைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தான்.

எல்லாவற்றிலும் அப்படித்தான். குறை சொல்ல மாட்டான், கொஞ்சவும் மாட்டான். விருந்தாளியிடம் பேசுவதைப் போலப் பேசுவான். இந்த வீட்டில் தனக்கென்று ஓர் இடம் எப்போதாவது கிடைக்குமா என்று அவள் ஏங்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குவளையைப் பார்த்தாள்.

தினமும் காலையில், காரின் மட்கார்டு மேல், ஈரம் சொட்டும் ஒரு எவர்சில்வர் குவளை.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன், இருட்டோடு எழுந்து அவள் ஓட்டும் வண்டியின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். கேட்டால் கூச்சப்படுவான் என்று கேட்கவில்லை. அவன் காபியில் மட்டும் சர்க்கரை ஒரு சிட்டிகை கூடியது.

அவன் விடுமுறையில் இருந்த ஒரு பிற்பகலில் இருவருமாக வண்டியை சர்வீஸுக்கு எடுத்துப் போனார்கள். மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வாட்டர் பம்ப் சீல் கிழிந்து எப்போதோ ஒழுக ஆரம்பித்துவிட்டதாம். ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். கிளிப்புகள்கூட ஒழுங்காக முடுக்கப்பட்டிருந்தன.

"இந்த ஒழுகலுக்கு இன்ஜின் கொதிச்சு இறுகி நின்னுபோய், எனக்கு ஒரு பெரிய வேலை வந்திருக்கணும். கெடுத்துட்டீங்க" என்றார். "தினம் இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி யாரோ கை மறக்காம பார்க்குது. யாரு?"

அவள் பெருமையாகக் கணவன் பக்கம் திரும்பினாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"என் வீட்டுக்காரிதான்" என்றான்.

பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "அவளும் இப்படித்தான். விடியறப்போ போய்ப் பார்ப்பா. அவ போனதுக்கப்புறம் எனக்கு அந்த பானெட்டைத் தொடவே கை வரல. நீ சத்தமில்லாம செய்யற. நான்தான் ஒரு வார்த்தை சொல்லாம இருந்துட்டேன்" என்றான்.

நான் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

அவன் முதல்முறையாக அவள் கையைப் பிடித்திருந்தான். அவள் தலையைக் குனிந்து சிரித்துவைத்தாள்.

மெக்கானிக் புது பம்ப் மாட்டினார். இனி ஒரு சொட்டுக் குறையாது, வாரம் ஒரு தடவை பார்த்தால் போதும் என்றார். வரும் வழியெல்லாம் கணவன் பேசிக்கொண்டே வந்தான். அவளுக்குத்தான் எதுவும் காதில் ஏறவில்லை. அவனும் இல்லை, தானும் இல்லை என்றால் யார் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, யாருடைய பாராட்டையோ திருடித் தலையில் சூடிக்கொண்டோமே என்ற கூச்சம் உடம்பெல்லாம் அரித்தது.

பொய்யை நிஜமாக்கிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் பொழுது புலரும்போது வாளியோடு கொட்டகைக்குப் போனாள்.

வாசலிலேயே கால் நனைந்தது.

தரையெங்கும் தண்ணீர். அந்தத் தித்திப்பு வாசனை தொண்டையை அடைத்தது. பானெட் திறந்திருந்தது. உள்ளேயிருந்து, நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றுவதைப் போல, களக் களக் என்று ஒரு சத்தம்.

ஊற்றுகிற ஆளைக் காணோம்.

ரேடியேட்டர் வழிந்தது. வழிய வழிய நிறைந்தது. பம்ப் மாற்றியது அந்தக் கைக்குத் தெரியவில்லையா? தெரிந்துதான் செய்கிறதா?

"அக்கா" என்றாள், குரல் எழும்பாமல். "நான் சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன்."

சத்தம் நின்றது.

ரேடியேட்டர் மூடி தானாக அழுந்தித் திரும்பியது. ஒரு சுற்று. பிறகு கடைசிவரை.

அவள் திரும்பினாள். வாளிச் சத்தம் கேட்டுக் கணவன் எழுந்து வந்து கொட்டகை வாசலில் நின்றிருந்தான். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. ஈரத் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் இல்லைங்க. ஒரு நாள்கூட நான் ஊத்தல. நீங்கதான்னு நெனச்சேன். நேத்து நீங்க கையைப் பிடிச்சதும்... சொல்ல மனசு வரல."

அவன் கோபப்படவில்லை. அவளைக் கடந்து, தூக்கத்தில் நடப்பவன் போல வண்டியருகே போனான். கையை ரேடியேட்டர் மூடிமேல் வைத்தான்.

"சூடா இருக்கு" என்றான்.

ராத்திரி முழுவதும் ஓடாத வண்டி. கொதிக்கிற சூடில்லை, உள்ளங்கைச் சூடு என்றான். அவன் தோள்கள் குலுங்கின. தாழ்ப்பாள் போடாத அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவள் போல அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த வீட்டில் தன் இடம் எது என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்குள் மகள் எழுந்து கூப்பிடும் குரல் கேட்டது.

"குழந்தை முழிச்சுட்டா. வாங்க, உள்ள போகலாம்" என்றாள்.

அவன் அசையவில்லை.

"கையை எடுங்க."

அவன் மெல்லத் திரும்பினான். முகத்தில் ரத்தமே இல்லை. மூடிமேல் இருந்த கையின் விரல்கள், யாரோ கோத்து இறுக்கியதைப் போல, வெளுத்திருந்தன.

"எடுக்கத்தான் பார்க்கறேன்" என்றான். "விட மாட்டேங்கறா."