தங்கவேலின் எடை

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே கன்னியப்பனின் வாடகை சைக்கிள் கடை. கோர்ட் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற வீரராகவன் தினமும் அங்கே உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். ஊரில் ஏதாவது காணாமல் போனால் போலீசுக்கு முன்னால் அவரிடம் வருவார்கள்.

1974 ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை காலை சாமுண்டீஸ்வரி வந்தாள். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் கூலி வேலை செய்பவள். கையில் கசங்கிப்போன ஓர் அச்சுப் புத்தகம் இருந்தது.

“செத்துப்போன எம் புள்ள உயிரோட கீறான் சார். கவர்மெண்டே எழுதிக்கீது.”

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கன்னியப்பன் டியூபைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். வீரராகவன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். குழந்தைகள் காப்பகங்களின் தரத்தை உயர்த்த அரசு செலவிட்ட தொகை, கண்ட பலன் பற்றிய அறிக்கை அது. ஆறாம் பக்கத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

“செப்டம்பர் முதல் வழங்கிய பால்மாவுக்குச் செய்த செலவு வீண்போகவில்லை. ஐயப்பன்தாங்கல் காப்பகத்தில் சாமுண்டீஸ்வரி மகன் தங்கவேல் என்னும் குழந்தை செப்டம்பரில் 4.2 கிலோ இருந்தது. மார்ச்சில் 7.6 கிலோ.”

“எங்க பட்டறை மேஸ்திரி படிச்சுக் காட்டினாரு” என்றாள் அவள். “போன ஆகஸ்டுல டைபாய்டு வந்து நான் பெரியாஸ்பத்திரில கெடந்தேன். திரும்பி வந்தா, புள்ள வயித்தால போயி செத்துட்டான், பொதச்சிட்டேன்றாரு எம் ஊட்டுக்காரு வேம்புலி. நான் மொகத்தகூட பாக்கல சார். இப்ப இன்னா அர்த்தம்? புள்ளய வித்துட்டாரு. நாலு நாளா ஊட்ல அடுப்பு பத்த வெக்கல. இன்னிக்குப் புள்ள கெடைக்கலன்னா அந்தாள ஸ்டேசன்ல புடிச்சுக் குடுத்துடுவேன்.”

“காப்பகத்துக்குப் போய்க் கேட்டாயா?”

“போனேன். வேலைக்குப் போறச்சே புள்ளய அங்கதான் வுட்டுட்டுப் போவேன். இப்ப ஆயா என்னப் பாத்ததும் கதவ சாத்திகினா.”

“அப்போது பிள்ளைக்கு என்ன வயது?”

“பதினோரு மாசம். நாலு பல்லு. பால் குடிக்கறப்போ கடிச்சு வெப்பான்.” சொல்லும்போது லேசாகச் சிரித்தவள், உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூவரும் பஸ் ஏறினார்கள். காப்பகம் ஓட்டுக் கட்டடம். சாமுண்டீஸ்வரியை எதிர் டீக்கடையில் இருக்கச் சொல்லிவிட்டு வீரராகவன் கதவைத் தட்டினார். ஆயா பொன்னியம்மா திறந்தாள். ஐம்பது வயதிருக்கும். அறிக்கையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

உள்ளே உத்தரத்தில் பழைய புடவைகளால் கட்டிய தூளிகள் தொங்கின. கன்னியப்பன் விரல் விட்டு எண்ணினான்.

“பத்து தூளி, பத்து புள்ள. ரிஜிஸ்டர்லயும் பத்து பேரு. ஒண்ணும் கொறயலயே சார்?”

“அதைத்தான் நானும் பார்க்கிறேன்” என்ற வீரராகவன் பதிவேட்டைப் புரட்டினார். மாதாமாதம் எடை, பல், நோய் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. கடைசிப் பக்கம் புது வருடத்துக்கானது. தாய்மார்களின் கைநாட்டு வேண்டிய இடத்தில் ஒன்பது ரேகைகள் இருந்தன. தங்கவேலின் பெயருக்கு எதிரே மட்டும் காலி.

“ஆபீசர் மனசுக்கு வந்தத எழுதிக்கீறான்” என்று கன்னியப்பன் காதருகே சொன்னான். “ஜீப்புல குந்திகினே எழுதியிருப்பான்.”

“பொய் எழுதுகிறவன் சீராக எழுதுவான், கன்னியப்பா. இதைப் பார். ஆகஸ்டு முதல் தேதி 7.1. செப்டம்பர் முதல் தேதி 4.2. எந்தப் பொய்யனும் இப்படி எழுதமாட்டான். தராசு காட்டியதை அப்படியே எழுதியிருக்கிறார்கள்.”

“ஒரே மாசத்துல மூணு கிலோவா? அப்புறம் புள்ள பொழைக்குமா?”

வீரராகவன் பதில் சொல்வதற்குள் கதவு தள்ளித் திறந்தது. டீக்கடையில் இருக்க முடியாமல் சாமுண்டீஸ்வரி வந்துவிட்டாள். யாரையும் பார்க்காமல் தூளிகளைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“தங்கவேலு.”

நாலாவது தூளி அசைந்தது. ஒரு தலை எழும்பி, சத்தம் வந்த பக்கம் திரும்பியது.

அவள் ஓடிப்போய்ப் பிள்ளையை வாரி எடுத்தாள். கன்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிள்ளையைச் சுற்றியிருந்த துணி நழுவி விழுந்தது.

பெண் குழந்தை.

வீரராகவன் பதிவேட்டை மூடினார்.

“ஜூலையில் நான்கு பல் என்று எழுதியிருக்கிறது. அதே பெயருக்கு நேராக ஜனவரியில் ‘முதல் பல்’ என்று இருக்கிறது. பால்மாவு கொடுக்கத் தொடங்கியது செப்டம்பரில். அதிகாரி அதற்கு முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவேயில்லை. ஒரு பிள்ளை போனபின் ஒன்பதுதான் இருக்கவேண்டும். பத்து இருக்கிறது. பெயர் ஒன்றுதான், பிள்ளைகள் இரண்டு. சரிதானே, பொன்னியம்மா?”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“செம்பரம்பாக்கம் சூளையில செங்கல் அறுக்கிறவ புள்ள சார். கதவு நம்பர் இல்லாதவங்க பேர எழுதக்கூடாதுன்னு சட்டமாம். சூளைக்கு ஏது கதவு? இந்தம்மா புள்ள போயி பதினஞ்சாம் நாளு இத கொண்ணாந்து போட்டா. கோழிக்குஞ்சு மாறி இருந்துச்சு. பேர அடிச்சா ஒரு புள்ள மாவு கொறச்சிடுவாங்க. அடிக்காம வுட்டேன். ஆபீசர் திடீர்னு வந்து கூப்ட்டா திரும்பணுமேன்னு அந்தப் பேர்லயே கூப்ட்டு பயக்கினேன். இத புடிச்சு புஸ்தகத்துல போடுவாங்கன்னு நான் கண்டனா?”

“எம் புள்ள?” என்றாள் சாமுண்டீஸ்வரி.

“ஆஸ்பத்திரிக்குப் போறச்சே பஸ்லயே, எம் மடியிலதாம்மா.”

“எம் ஊட்டுக்காரு கூட இருந்தாரா?”

“பஸ்ஸ எங்கியும் நிறுத்தாம ஓட்டுன்னு டிரைவர் கால்ல உயுந்தாரு. அப்புறம் புள்ளய யார் கையிலயும் குடுக்கல. ஐயப்பன்தாங்கல் வரைக்கும் நடந்தே தூக்கிகினு வந்தாரு.”

சாமுண்டீஸ்வரியின் இடுப்பில் இருந்த குழந்தை அவள் விரலைப் பிடித்துக் கடித்தது.

வீரராகவன் பேனாவைத் திறந்தார். “அம்மா, இது உன் பிள்ளையின் பெயர். நீக்கச் சொல்லி மனு எழுதித் தருகிறேன். அறிக்கை தப்பென்று ஆகும். இந்த அம்மாவின் வேலை போகும், இந்தப் பிள்ளைக்குப் பாலும் நின்றுவிடும். அதற்காக நீ பொறுத்துப்போக வேண்டியதில்லை. முடிவு உன்னுடையது.”

“இதுக்கு எத்தினி பல்லு?” என்று அவள் ஆயாவைக் கேட்டாள்.

“ரெண்டு.”

“நெசமாவே ஏழரை கிலோ கீதா?”

“நேத்துகூட நிறுத்தேன். எட்டாவப் போவுது.”

“தங்கவேலு” என்றாள் சாமுண்டீஸ்வரி, மிக மெதுவாக. குழந்தை நிமிர்ந்து பார்த்தது.

“மை டப்பா எங்க?”

பொன்னியம்மா எடுத்துவந்து நீட்டினாள். சாமுண்டீஸ்வரி தங்கவேலின் பெயருக்கு எதிரே காலியாக இருந்த கட்டத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுக்க நேரமாயிற்று. வீரராகவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு அவள் வாசலுக்கு வந்தாள். மை விரலைப் புடவையில் துடைக்காமல் தள்ளிப் பிடித்திருந்தாள்.

“பஸ்ஸு எப்ப சார்?” என்று கேட்டாள். “அந்தாளு நாலு நாளா சாப்பிடல.”