மூணாம் நம்பர் பேட்டரி

"வீ...ஈ...ஈ...ல்!"

கத்தியது பெண் இல்லை.

சீலிங்கில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளைப் பெட்டி!

பெரம்பலூர், 1985. வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை மணி. ராசாங்கத்தின் லைன் வீட்டில் மூன்றாம் நம்பர் போர்ஷனிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தது.

எதிர் டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முதல் ஆள் வீட்டுக்காரன் ராசாங்கம்தான்.

"குடத்தைத் தூக்குங்கடா! என் வூடு எரியுது!"

தண்ணீர் பறந்தது. எரிந்த மெத்தை அணைந்தது. புகை விலகியது...

தரையில் லாரி டிரைவர் குருநாதன். தலை என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை!

அவன்மேல் விழுந்து கிடந்தாள் மனைவி மலர்கொடி. புடவையெல்லாம் ரத்தம். கையில் அம்மிக்குழவி!

"அடிப்பாவி!" ராசாங்கம் அலறினான். "புருசனைக் கொன்னுட்டு வூட்டையும் கொளுத்திட்டியேடி!"

"ஐயோ, நான் இல்லைங்க! இப்பத்தான் கோயில்லேர்ந்து வரேன்! குழவி அவரு மூஞ்சி மேல கிடந்துச்சு... தாங்காம எடுத்தேன்..."

யார் கேட்கிறார்கள்? கையில் குழவி இருந்தால் கதை முடிந்தது.

---

"பளார்!"

ஸ்டேஷனில் பெண் கான்ஸ்டபிள் காத்தாயியின் கை இறங்கியது. மலர்கொடியின் உதடு கிழிந்தது.

"ஒத்துக்கடி!"

"எத்தனை தடவை அடிச்சாலும் நான் கொல்லலைங்க..."

இன்ஸ்பெக்டர் அழகேசன் வாட்ச்சைப் பார்த்தார்.

"நாலு மணிக்குக் கோர்ட். குழவி இருக்கு. ரத்தம் இருக்கு. பாத்த சாட்சி பத்துப் பேரு. உனக்குத் தூக்குதான்... ஏட்டு, இவ பையில என்னய்யா இருக்கு? எழுதிக்க."

ஏட்டு பாவாடை அவளுடைய சுருக்குப்பையை மேஜையில் கொட்டினார்.

"குங்குமப் பொட்டலம் ஒண்ணு... சிறுவாச்சூர் பஸ் டிக்கெட் ரெண்டு... இது என்ன சார், தீப்பெட்டி கணக்கா? அட, பேட்டரி! சிவப்பு பெயிண்ட்ல மூணுன்னு எழுதியிருக்கு."

"ஏதுடி இது?"

"கத்தற பொட்டியோட பேட்டரிங்க." மலர்கொடி ரத்தத்தைத் துடைத்துக் கொண்டாள். "வூட்டு ஓனரு ராசாங்கம் குவைத்துல இருந்தப்ப, அவரு ரூம்ல தீப்பிடிச்சு நாலு பேரு செத்தாங்களாம். அங்கேர்ந்து அஞ்சு பொட்டி வாங்கியாந்து போர்ஷனுக்கு ஒண்ணு மாட்டினாரு. புகை பட்டா கத்தும். மாசாமாசம் ஊதுபத்தி காட்டி செக் பண்ணுவாரு. பேட்டரி மாறக் கூடாதுன்னு போர்ஷன் நம்பரை அதுல எழுதி வச்சிருக்காரு."

"அது ஏன் உன் பையில?"

"வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டா அந்தச் சனியன் ஊரையே கூட்டும்ங்க. அதனால காலையிலயே கழட்டிடுவேன். வூட்டுல வச்சா என் புருசன் டிரான்சிஸ்டர்ல மாட்டிக்குவாரு. அதான் கையோட கோயிலுக்கு எடுத்துட்டுப் போனேன்..."

அழகேசன் எழுதிக் கொண்டிருந்த பேனாவை வைத்தார்.

"இரு... பேட்டரி உன் பையில. அப்ப அங்க பொட்டி எப்படிக் கத்துச்சு?"

அழகேசன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஜீப்பை எடுய்யா!"

---

மூன்றாம் நம்பர் போர்ஷன். ரத்த வாடையும் கருகிய பஞ்சு நாற்றமும் இன்னும் போகவில்லை. பாவாடை ஸ்டூலில் ஏறிப் பெட்டியைத் திறந்தார்.

"சார்... பேட்டரி இருக்கு! ஆனா ஒண்ணாம் நம்பர்!"

"ஒண்ணாம் நம்பர் போர்ஷன்ல யாருய்யா குடியிருக்கான்?"

பாவாடை ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"வூட்டுக்காரன்தான் சார்!"

ராசாங்கம் பனியனோடு வரவேற்றான். "வாங்க சார்! காப்பி போடச் சொல்லட்டா?"

"வேணாம்." அழகேசன் சிகரெட்டைப் பற்ற வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். சீலிங்கிலிருந்த பெட்டிமேல் புகையை ஊதினார்.

ஒரு இழுப்பு... ரெண்டு... மூணு...

சத்தமே இல்லை!

"என்ன ராசாங்கம், உங்க பொட்டி ஊமையா?"

"பேட்டரி... தீர்ந்திருக்கும் சார்..."

"மூணாம் நம்பர்ல நல்லாத்தானே கத்துச்சு!" அழகேசன் உள்ளங்கையை விரித்தார். சிவப்பு பெயிண்ட்டில் ஒன்று!

ராசாங்கம் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"ஏட்டு! கொலைகாரன் தீயை வச்சிட்டு, அணைக்க ஆள் வரவும் ஏற்பாடு பண்ணிட்டுப் போயிருக்கான். ஊர்ல எவனுக்குய்யா அவ்வளவு அக்கறை?"

"வூட்டுக்குச் சொந்தக்காரனுக்குத்தான் சார்!"

சரக்!

கதவுக்குப் பின்னாலிருந்த அரிவாள் ராசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டது. வீசினான்! அழகேசனின் தோள்பட்டை கிழிந்தது. ரத்தம் சட்டையை நனைத்தது. அடுத்த வீச்சு கழுத்துக்கு...

மளுக்!

பாவாடையின் லத்தி முந்திக் கொண்டது. மணிக்கட்டு முறிந்தது. அரிவாள் தெறித்து விழுந்தது. அழகேசன் விட்ட உதையில் ராசாங்கம் சுவரில் மோதிச் சரிந்தான். பாவாடை மூன்று அடிகள் கூடுதலாகவே போட்டார்.

"ஐயோ... சொல்றேன் சார்! போன வாரம் பொட்டி செக் பண்ணப் போனப்ப அவ கையைப் புடிச்சேன்... குருநாதன் என்னை நாலு பேரு முன்னாடி செருப்பால அடிச்சான் சார்! செருப்பால! இன்னிக்கு அவ கோயிலுக்குப் போயிருந்தா. அவன் தூங்கிட்டு இருந்தான். குழவியை எடுத்து..."

"தீ எதுக்குடா?"

"கைரேகை, ரத்தம் எல்லாம் போயிடும்னுதான் மெத்தையில வச்சேன். வச்சிட்டு மேல பாத்தா... பொட்டி திறந்து கிடக்கு! பேட்டரி இல்லை! கத்தலைன்னா வூடே சாம்பலாயிடுமே சார்! நாயா உழைச்சுக் கட்டின வூடு! ஓடிப்போய் என் பேட்டரியைக் கழட்டி மாட்டிட்டு, புகை மேல ஏறுறதுக்குள்ள டீக்கடையில போய் உட்காந்தேன்..."

ஒரு உயிரை நசுக்கியவனுக்கு ஒரு சுவர் கருகுவது பொறுக்கவில்லை. என்ன ஜென்மமோ!

---

மணி நாலு. மலர்கொடி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாள். வீங்கிய முகத்தைப் பார்க்கக் காத்தாயிக்குத் தைரியமில்லை.

"மன்னிச்சிடும்மா," என்றார் அழகேசன். தோளில் கட்டு.

மலர்கொடி திரும்பி உள்ளே போய், மேஜையில் கிடந்த மூணாம் நம்பர் பேட்டரியை எடுத்துக்கொண்டு லாக்கப்புக்குப் போனாள். உள்ளே கையைப் பிடித்துக்கொண்டு முனகிக் கிடந்த ராசாங்கத்தைப் பார்த்தாள். பேட்டரியைக் கம்பிக்கு இடையே வீசினாள். அது அவன் நெற்றியில் பட்டு உருண்டது.

"உன் சாமான் சரியா இருக்கான்னு பாத்துக்க. நான் வூட்டைக் காலி பண்றேன்!"

அழுதுகொண்டே படியிறங்கிப் போனாள்.

பாவாடை தொண்டையைச் செருமினார்.

"சார்... நல்ல பொட்டியா இருக்கு. நம்ம லாக்கப்புலயும் ஒண்ணு மாட்டிடலாமா?"

அழகேசன் லத்தியை எடுத்துக்கொண்டு லாக்கப் பக்கம் நடந்தார்.

"எதுக்குய்யா தண்டமா? இங்க பேட்டரி இல்லாமலே கத்துவானுங்க!"