கடை மைதானத்தில் இரண்டு நாற்காலிகள்

இரண்டு நாற்காலிகளும் அவர்கள் வண்டியைப் பார்த்துத்தான் போடப்பட்டிருந்தன.

மார்லிஸ் அதைக் கேரவனுக்குள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலிருந்த சின்ன ஜன்னல் வழியாகக் கவனித்தாள். நெப்ராஸ்கா சமவெளியில் நெடுஞ்சாலையை ஒட்டிய பெரிய கடை. கடை மூட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஐந்நூறு கார் நிற்கக்கூடிய தார் மைதானத்தில் பத்துக் கார்கூட இல்லை. அவ்வளவு இடம் சும்மா கிடக்க, இன்னொரு கேரவன் இரண்டே கோடு தள்ளி இடப்பக்கம் வந்து நின்றிருந்தது. வந்த சத்தம் கேட்கவில்லை. அதன் வாசலில் ஒரு பச்சைப் பாய், பாயின் மேல் இரண்டு மடக்கு நாற்காலிகள். அவற்றில் உட்காருகிறவர்கள் வானத்தைப் பார்க்கலாம், சாலையைப் பார்க்கலாம், கடையின் சிவப்பு எழுத்துகளைக்கூடப் பார்க்கலாம். அவையோ அவள் தட்டு கழுவுவதை வேடிக்கை பார்ப்பதற்காகப் போட்டவை போலிருந்தன. யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

"டெல், இங்க வந்து பாரேன்" என்றாள். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் கணவர் டெல்பர்ட் ஹாகன் மினசோட்டாவில் ஒரு சிற்றூர் நகராட்சிக்காக முப்பத்தொரு வருடம் புல் அளந்தவர். வீட்டு வாசலில் புல் எட்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருக்கிறதா என்று அடிக்கோலுடன் போய்ப் பார்த்து நோட்டீஸ் ஒட்டுவது அவர் உத்தியோகம். ஓய்வு பெற்றதும் புல் தப்பித்தது, கேரவன்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். குளிர்காலத்துக்கு அரிசோனா போகும் வழியில், கடை மைதானங்களில் இலவசமாக இரவு தங்கும் மக்களுக்கென்று பதினொரு விதிகளை அவரே இயற்றி, அவரே ஒருமனதாக ஏற்று, அச்சடித்து, மழையில் நனையாதிருக்க லேமினேஷனும் செய்து வைத்திருந்தார். முதல் விதி, மேனேஜரிடம் அனுமதி கேள். இரண்டாவது, நன்றிக்கு ஏதாவது வாங்கு. அன்றைய நன்றி, சுட்ட கோழியாக மேஜை மேல் வியர்த்துக்கொண்டிருந்தது.

"மூணாவது விதி!" என்றார், புதையலைக் கண்டவர் போல. "வெளிய நாற்காலி போடாதே! பாயி வேற விரிச்சிருக்கான். பாத்தியா, பாயி!"

"பாத்தேன். பாத்துட்டுப் பேசாமப் படு."

"இன்னிக்கு இவன் நாற்காலி போடுவான். நாளைக்கு ஒருத்தன் அடுப்பு வெப்பான். அடுத்த வாரம் கடைக்காரன் மொத்தப் பேரையும் வெரட்டிடுவான். அப்ப யாரு பொறுப்பு?"

"நீ இல்ல. நீ ரிட்டையர் ஆயி ஆறு வருஷமாச்சு."

"பொறுப்புக்கு ரிட்டையர்மென்ட் கெடையாது மார்லி."

"இடுப்புக்கு இருக்கு. செருப்ப மாட்டவே நான் வரணும், இதுல இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கெளம்பிட்ட."

அவர் டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தார்.

"டெல், அந்த நாற்காலி நம்மளப் பாத்துப் போட்டிருக்கு. எனக்குப் பிடிக்கல."

"அதுக்கு விதி எதுவும் இல்லியே." கொஞ்சம் யோசித்தார். "சேக்கணும்."

கதவருகே நின்று திரும்பிச் சொன்னார். "வாசல் வெளக்கப் போட்டு வெய்யி. அது நம்ம கம்பெனி வண்டிதான், நம்ம வருஷத்து மாடல்தான். இருட்டுல எது எதுன்னு தெரியாது." உலகத்திலேயே இருநூறு வண்டிதான் இந்த ரகத்தில் என்று விற்றவன் சத்தியம் செய்திருந்தான். அதில் நூறையாவது வழியில் பார்த்தாயிற்று.

கேரவனில் வாழ்கிறவர்களுக்குக் காதைவிட உள்ளங்கால் கூர்மை. யார் எந்த மூலையில் நகர்ந்தாலும் மொத்த வீடும் மெல்ல ஆடும். நூற்றுப் பத்து கிலோ டெல்பர்ட் படியில் கால் வைத்தால் வண்டி வலப்பக்கம் தாழ்ந்து, ஒரு முனகலோடு நிமிரும். இப்போதும் தாழ்ந்தது, நிமிர்ந்தது. அவர் இறங்கிவிட்டார்.

நன்றாகத் தெரியட்டும் என்று மார்லிஸ் உள்விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். எங்கோ மாட்டுப்பட்டி ஒன்றிலிருந்து சாணமும் புளித்த தீவனமும் கலந்த வாடை ஜன்னல் விளிம்பின் இடுக்கு வழியாக வந்தது. விளக்குக் கம்பங்கள் பல்வலிக்காரன் முனகுவதுபோல் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. ஆளில்லாத தள்ளுவண்டி ஒன்று காற்றில் தானாக உருண்டு போய் நடைமேடையில் முட்டி, பின்வாங்கி, மறுபடி முட்டியது. டெல்பர்ட் தங்கள் வண்டியின் மூக்கைச் சுற்றி வந்தார். நாற்காலிகளுக்கு நடுவே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, முப்பத்தொரு வருடப் பழக்கத்தோடு மூன்று முறை கதவைத் தட்டினார். திறக்கவில்லை.

ஆனால் அந்த வண்டி அசைந்தது.

பின்கோடியில், படுக்கை இருக்கும் இடத்தில் முதலில் தாழ்ந்தது. அங்கிருந்து நடுவே. நடுவிலிருந்து கதவை நோக்கி. யாரோ அவசரமே இல்லாமல் நடந்து வந்து கதவுக்குப் பின்னால் நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். தார்த்தரையில் நிற்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? மூடிய கதவுக்கு டெல்பர்ட் மூன்றாவது விதியை உரக்கப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் அந்த வண்டியின் திரைச்சீலையைப் பார்த்தாள். மஞ்சள் பேரிக்காய்கள். போன குளிர்காலத்தில் அவளே தைத்தது. கடையில் கடைசியாகக் கிடந்த துண்டுத்துணி. தைக்கும்போது ஊசி உடைந்ததால் இடப்பக்க மடிப்பு கோணிப்போய்விட்டது. அவள் கன்னத்தின் அருகே தொங்கிய சீலையை விரலால் தடவினாள். கோணல் இருந்தது. எதிரே பார்த்தாள்.

அங்கேயும் இருந்தது.

பதினொன்று ஆயிற்று போலும், கடை மூடும் நேரம். மைதானத்தின் விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்துகொண்டே வந்தன. டெல்பர்ட் நம்பர் பலகையைக் குறித்துக்கொள்ள அந்த வண்டியின் பின்பக்கம் போனார். டார்ச் வெளிச்சம் மூலை திரும்பி மறைந்தது. முழு இருட்டு. கடை நெற்றியின் சிவப்பு எழுத்துகள் மட்டும் மிச்சம்.

எதிர் வண்டியின் வாசலில் சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது.

தன் வாசல் விளக்கை மார்லிஸ் போடவில்லை. மறந்தே போயிருந்தாள். அதைவிட மோசம், அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பாய் இல்லை. நாற்காலி இல்லை. கழுவித் துடைத்தது போன்ற வாசல்.

குனிந்து கீழே பார்த்தாள். நாற்காலிகள் அவள் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தன. இப்போது அவை அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

டெல்பர்ட் மூலையைச் சுற்றி வந்தார். டார்ச் நாற்காலிகள் மேல் விழுந்தது, பாயின் மேல் விழுந்தது, இருண்டு கிடந்த அவள் ஜன்னலுக்கு ஏறியது. அவள் இரு கைகளாலும் கண்ணாடியை அறைந்தாள். "டெல்! நான்தான்! டெல்!" இரட்டைக் கண்ணாடி, வெளியே ஊளையிடும் காற்று. அவருக்குத் தெரிந்தது தன் டார்ச்சின் பிரதிபலிப்பு மட்டும்தான். விதிகளின் தாளை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் திமிர் பிடித்தவனுக்கு விரலை ஆட்டி எச்சரித்துவிட்டு, வாசல் விளக்கெரியும் எதிர் வண்டியைத் தன் வீடென்று நம்பித் திரும்பினார். சாவியைப் போட்டார். திறந்தது. ஆயிரக்கணக்கான கேரவன்களுக்கு ஐந்தாறு சாவிகள்தான் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அவர் படியில் ஏறினார். அந்த வண்டி அசையவே இல்லை. நூற்றுப் பத்து கிலோ. ஒரு மயிரிழை தாழவில்லை. உள்ளே ஏற்கெனவே ஏராளமான பேர் நெருக்கியடித்து நின்றால்தான் ஒரு வண்டி அப்படி அசையாது.

கதவு சாத்திக்கொண்டது.

இப்போது கத்துவார் என்று காத்திருந்தாள். மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க என்று வழிந்துகொண்டு இறங்குவார். இதைச் சொல்லியே அரிசோனா வரை அவரை ஓட்டலாம். காத்திருந்தாள். பேரிக்காய்த் திரைக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. டெல்பர்ட்டின் நிழல் உட்கார்ந்தது. ஒரு செருப்பைக் கழற்றியது. மறுபடி குனிய முடியாமல் பாதியில் நிறுத்தியது. இன்னொரு நிழல் மண்டியிட்டு மறு செருப்பைக் கழற்றியது. பெண்ணின் நிழல். தட்டு வைத்தது. எதிரே உட்கார்ந்தது. டெல்பர்ட்டின் கைகள் பிரசங்கத்தில் ஏறி இறங்கின. அந்தத் தலை ஆமாம், ஆமாம் என்று ஆடியது.

செல்போனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினாள். எதிர்த் திரையில் டெல்பர்ட்டின் நிழல் பையைத் தடவியது.

"ஹலோ?"

"டெல், கேள்வி கேக்காம எந்திரிச்சு வெளிய வா. அது நம்ம வண்டி இல்ல."

"யாரு பேசறது?"

"யாரா? உன் பொண்டாட்டி!"

வந்தது நகராட்சிக் குரல். "இதப் பாரும்மா. என் பொண்டாட்டி எதிர்ல உக்காந்து கோழி வெட்டிக்கிட்டிருக்கா. போனக் காணோம்னு இப்பதான் சொன்னா. நீ கண்டெடுத்தியா? நல்லது. காலைல கடைக் கவுன்டர்ல குடுத்துடு. குடிச்சிருந்தா தண்ணியக் குடிச்சிட்டுப் படு."

"டெல், கேளு. நீ ஏறினப்ப வண்டி ஆடுச்சா?"

எதிர்த் திரையில் நிழலின் தலை தரையைப் பார்த்துக் குனிந்தது.

"அந்த நாற்காலியப் பத்திச் சொன்னியே, அவ என்ன சொன்னா?"

"நான் செஞ்சது சரின்னா."

"முப்பத்தொம்பது வருஷத்துல நான் என்னிக்குடா உன்னச் சரின்னு சொல்லியிருக்கேன்?"

நிழலின் கை, தட்டின் பக்கம் போனது, பாதியில் நின்றது. அவர் பேசியபோது நகராட்சியே இல்லை அந்தக் குரலில்.

"மார்லி?"

"ஆமா."

"மார்லி, இவ கண்ண சிமிட்டவே மாட்டேங்குறா."

அதே போனில், மிக அருகில், அன்பாக, அவளுடைய சொந்தக் குரல் கேட்டது. "யாரு டெல் போன்ல?"

இணைப்பு அறுந்தது. எதிரே வெளிச்சம் அணைந்தது.

மாற்றுச்சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினாள். செருப்பில்லை. தார்த்தரை பனிக்கட்டியாகச் சுட்டது. அந்தக் கதவின் பூட்டில் சாவி திரும்பியது, கதவு வரவில்லை. இழுத்தாள். உள்ளேயிருந்து யாரோ பிடித்திருந்தார்கள். முரட்டுப் பிடி இல்லை. தூங்கும் வீட்டில் சத்தம் கேட்காமல் பிடிப்பார்களே, அப்படி. "டெல்!" என்று கதவை அறைந்தாள். உள்ளே அறைகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

முன்பக்கம் ஓடினாள்.

முன்விளக்குகள் எரிந்தன. கண் கூசியது. கையால் கண்ணை மறைத்துப் பார்த்தாள்.

பெரிய முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுநர் இருக்கையில் டெல்பர்ட். பெல்ட் போட்டிருந்தது. பக்கத்து இருக்கையில் அவளே. முகம் பார்க்கும் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம் அல்ல. புகைப்படத்தில் பார்க்கிற முகம். அவள் கன்னத்து மச்சம்கூட, கண்ணாடி காட்டும் பக்கத்தில் இல்லாமல் மற்றவர்களுக்குத் தெரிகிற பக்கத்தில். அது மடியில் கை கோத்து, நல்ல மனைவியாக, நேரே பார்த்து உட்கார்ந்திருந்தது.

டெல்பர்ட் வெளியே நின்றவளைப் பார்த்தார். பக்கத்தில் பார்த்தார். மறுபடி வெளியே.

இடக்கையால் பெல்ட்டைப் பிய்த்தார். கழலவில்லை. எழும்பி, முன்னால் சாய்ந்து, வலக்கையைக் கண்ணாடியில் பதித்தார். வாய் திறந்தது. மார்லி என்று அசைந்தது.

அந்தப் பெண் திரும்பினாள். புன்னகைத்தாள். முகப்புக் கண்ணாடியின் திரையைத் தன் பக்கத்திலிருந்து இழுக்க ஆரம்பித்தாள். அவசரமில்லாமல். ஓட்டுநர் பக்கத் திரையும் நகர்ந்தது. அதை இழுக்க அங்கே ஆளில்லை. டெல்பர்ட்டின் ஒரு கை பெல்ட்டில். ஒரு கை கண்ணாடியில். ஆனாலும் நகர்ந்தது.

இரண்டு திரைகளும் அவர் மணிக்கட்டைச் சுற்றி மூடிக்கொண்டன.

விளக்குகள் அணைந்தன.

மார்லிஸ் பம்பரில் காலை ஊன்றி ஏறினாள். கடையின் சிவப்பு வெளிச்சத்தில் அந்தக் கை மட்டும் தெரிந்தது. ஐந்து விரலும் விரிந்து, வெளுத்து, கண்ணாடியை அழுத்தியபடி. வெளியிலிருந்து தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். குளிர்ந்த கண்ணாடி. விரலுக்கு விரல் வைத்தாள். "விடாத, டெல். இருக்கேன். இங்கதான் இருக்கேன்."

அழுத்தம் குறைந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கை தளர்ந்து, கண்ணாடியை விட்டு நழுவியது.

விழவில்லை. திரையின் பிளவு வழியாக இன்னொரு கை வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. மார்லிஸின் கையேதான். அவள் மோதிரம். தொய்ந்து கிடந்த அந்தப் பெரிய கையை மெல்லத் தூக்கி நிறுத்தியது.

பிறகு, வேலைக்குப் போகும் தாய்க்குக் குழந்தையின் கையைப் பிடித்து டாட்டா காட்ட வைப்பார்களே, அப்படி அதை ஆட்டியது. இடமும் வலமுமாக. பொறுமையாக. இடமும் வலமுமாக.