வெள்ளைக் குட்டி வழக்கு

தெருவில் எல்லாரும் அவனை நீதிபதி என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கெடுத்தாலும் தீர்ப்புச் சொல்லுவானே, அதனால்! எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பெயர் பம்பரம். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள்.

பம்பரத்திடம் ஒரு கறுப்புப் பெண் முயல் இருந்தது. நீதிபதியிடம் ஒரு கறுப்பு ஆண் முயல். குட்டி பிறந்தால் ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

நாலு குட்டிகள் பிறந்தன. பிறந்தபோது முடியே இல்லை. எல்லாம் மொழுமொழுவென்று இருந்தன. முடி முளைத்த பிறகுதான் வம்பு வந்தது. மூன்று கறுப்பு. ஒன்று பால் வெள்ளை!

"இது என் முயலோட குட்டியே இல்ல," என்றான் நீதிபதி. "பேக்கரி மாமாவோட வெள்ளை முயல உன் கூண்டுக்குள்ள விட்டுட்ட."

"நான் பூட்டியேதான்டா வெச்சிருந்தேன்!"

"பொய்! இனிமே உன்கூடக் காய்."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். அன்று முழுவதும் பம்பரம் சுற்றவே இல்லை. அம்மாவின் தையல் கடையில் உட்கார்ந்து, பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். கறுப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம்.

சட்டென்று எழுந்தாள். போன வாரம் வகுப்பில் நடந்த பாடம்! நீதிபதி அன்று காய்ச்சலில் படுத்திருந்தானே!

இரண்டு சுருக்குப் பைகளோடும் வெள்ளைக் குட்டியோடும் அவன் வீட்டுக்கு ஓடினாள்.

"நான் காய் விட்டிருக்கேன்."

"பேச வேணாம், கேளு. இந்தப் பை உன் முயல். இது என் முயல். ஒவ்வொண்ணுலயும் ஒரு கறுப்புப் பொத்தான், ஒரு வெள்ளைப் பொத்தான். பொத்தான்தான் முடி நிறத்துக்கான மரபணு."

"என் முயல் முழுக் கறுப்பு!"

"கறுப்பு இருந்தா வெள்ளை வெளிய தெரியாது, ஒளிஞ்சுக்கும். ஆனா குட்டி உருவாகத் தேவையான செல் தயாராகுதுல்ல, அப்போ ரெண்டும் பிரிஞ்சிடும். ஒரு செல்லுக்கு ஒண்ணுதான் போகும். கண்ண மூடிட்டு, பைக்கு ஒண்ணா எடு. ரெண்டும் சேந்தா ஒரு குட்டி."

எடுத்தான். கறுப்பு, கறுப்பு.

"பாத்தியா! கறுப்புதான்!"

"திரும்பப் போட்டுட்டு எடுடா."

கறுப்பு, வெள்ளை. "இதுவும் கறுப்பு முயல்தான்," என்றாள் பம்பரம். "வெள்ளை ஒளிஞ்சிருக்கு."

மறுபடி எடுத்தான். வெள்ளை... வெள்ளை!

நீதிபதி பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ என் முயலும் ஒரு வெள்ளை குடுத்திருக்கா?"

"ரெண்டும் குடுத்தாத்தான் வெள்ளைக் குட்டி."

நீதிபதி தொண்டையைக் கனைத்தான். "தீர்ப்பு என்னன்னா, தப்பு நீதிபதி மேலதான். பழம்!"

"தண்டனை?"

"வெள்ளைக் குட்டிய நானே வளர்க்கறேன்."

"அது தண்டனையாடா? எனக்கும்தான் வேணும்!"

"சரி, ஒரு வாரம் உங்க வீடு, ஒரு வாரம் எங்க வீடு."

வழக்கு முடிந்தது. அதற்குள் வெள்ளைக் குட்டி, அப்பா முயல் பையின் கயிற்றைப் பாதி தின்று முடித்திருந்தது.