காற்றடிக்க நின்ற வண்டி

"நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். முதல்ல இதைச் சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம்" என்று வாசற்படியில் நின்றபடியே ஒரே போடாகப் போட்டாள் வந்தவள்.

தையற்காரர் காலர் தைத்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினார். அவருக்குள் ஓர் உற்சாகம் துள்ளியது. அவர் மனைவி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைச் சோதித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரார் அவரைச் சர்வேயரம்மா என்றே கூப்பிட்டார்கள். வண்டித் தகராறு என்றால் நேராக இந்த வீட்டுக்குத்தான் வருவார்கள். தையற்காரர் தன்னைத்தானே அவருக்கு உதவியாளராக நியமித்துக்கொண்டவர். சம்பளமும் இல்லை, யாரும் கூப்பிட்டதும் இல்லை.

"யார் கேக்கச் சொன்னது?" என்றார் சர்வேயரம்மா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"எங்க மேனேஜர்தான்க்கா. டயாலிசிஸ் சென்டர்ல வேன் ஓட்டுறேன். காலையில பேஷன்ட்டுங்களை வீடு வீடா ஏத்திட்டு வருவேன். நேத்து நடுரோட்டுல வண்டி நின்னுபோச்சு. மெக்கானிக் டேங்கைத் திறந்து பார்த்தா, டீசலோட பெட்ரோல் கலந்திருக்கு. நான்தான் பங்க்ல பெட்ரோல் போட்டேனாம். இன்னைக்குச் சாயங்காலம் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுட்டு வேலையை விட்டுப் போகணுமாம்."

"கேக்கலைன்னா?"

"எங்க போய் வேலை கேட்டாலும், டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டவள்னு சொல்லிடுவாராம். அப்புறம் எவன் என் கையில சாவி குடுப்பான்? பொம்பளை ஓட்டினா இப்படித்தான்னு இப்பவே சிரிக்கிறானுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து ஸ்டியரிங் பிடிக்கிறேன்க்கா. செய்யாத தப்புக்குத் தலை குனிஞ்சா, அப்புறம் நிமிரவே முடியாது."

அவள் குரல் நடுங்கவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. தையற்காரருக்கு அவளைப் பார்க்கப் பார்க்க அந்த மேனேஜரின் சட்டைக் கைகளை ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் தைத்துக் கொடுக்கவேண்டும் போலிருந்தது.

"பங்க்ல நிறுத்தினது நிஜமா?"

"நிஜம்தான். வண்டியில இருந்தவங்க எல்லாரும் பார்த்தாங்க. ஆனா காத்தடிக்கத்தான் நிறுத்தினேன். வண்டி ரொம்ப சோம்பலா வந்துச்சு. டயர் இறங்கியிருக்குமோன்னு நினைச்சேன்."

"இறங்கியிருந்துச்சா?"

"எல்லாம் சரியா இருக்கு, போம்மான்னு காத்தடிக்கிறவர் அனுப்பிட்டார்."

சர்வேயரம்மா துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "என்னங்க, செருப்பைப் போடுங்க. பங்க்குக்குப் போகலாம்."

வழியெல்லாம் தையற்காரர் தன் கண்டுபிடிப்பை அவிழ்த்துவிட்டார். பங்க்கில் பெட்ரோல் போடுகிறவன்தான் குற்றவாளி. இவள் காற்றடிக்கிற இடத்தில் நின்றபோது அவன் பின்பக்கமாக வந்து ஊற்றியிருக்கிறான். ஏன் ஊற்றினான் என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. "அதை அவனே சொல்லுவான்" என்று முடித்துவிட்டார். சர்வேயரம்மா தலையாட்டிக்கொண்டே வந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தமென்று தையற்காரருக்குத் தெரியாமலில்லை.

காற்றடிக்கிறவர் டிரைவர் சொன்னதையே சொன்னார். வேன் பெட்ரோல் பம்ப் பக்கமே போகவில்லை, டயர்கள் கல் மாதிரி இருந்தன என்றார். "மேனேஜர்கிட்ட இதைச் சொல்லலாம். ஆனா இவர் அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சவர்னு தட்டிவிட்டுடுவார்" என்றார் சர்வேயரம்மா.

பெட்ரோல் போடுகிறவனோ பெரிய பேச்சுக்காரனாக இருந்தான். "எனக்கு ஆளைப் பார்க்கவே வேண்டாங்க, கேனைப் பார்த்தா போதும். பச்சைக் கேன் டிராக்டர்காரர், டீசல். சிவப்புக் கேன் டயாலிசிஸ் சென்டர் தோட்டக்காரர், புல் வெட்டுற மிஷினுக்குப் பெட்ரோல். ரெண்டு பேரும் வாயையே திறக்க மாட்டாங்க. கேனை வெச்சா நிரப்பிடுவேன்."

"சிவப்புக் கேன் கடைசியா எப்போ வந்துச்சு?"

"முந்தாநாள் சாயங்காலம். கரண்ட் போய்த் திரும்பி வந்துச்சே, அப்போதான். எப்பவும் அடியில கொஞ்சம் வாங்குவார். அன்னைக்குக் கழுத்து வரைக்கும் காட்டினார்."

சர்வேயரம்மா நன்றி சொல்லிக் கிளம்பினார். தன் குற்றவாளி இவ்வளவு சிரித்த முகமாக இருப்பான் என்று தையற்காரர் எதிர்பார்க்கவில்லை. சற்று ஏமாற்றத்துடன் பின்னால் நடந்தார்.

சென்டரின் முன்னால் சின்னத் தோட்டம். புல் கணுக்காலை மூடி வளர்ந்து கிடந்தது. தோட்டக்காரர் தொட்டிச் செடிகளுக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, புல் இப்படி வளர்ந்திருக்கு?" என்றார் சர்வேயரம்மா.

"வெட்டணும்மா."

"மிஷினுக்குப் பெட்ரோல் இல்லையா?"

அவர் செடிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். குழாய் ஒரே தொட்டியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் வழிந்து அவர் காலை நனைத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வேன் வழக்கமாக நிற்கும் சிமென்ட் தரை பக்கவாட்டில் இருந்தது. டேங்க் மூடி வரும் இடத்துக்கு நேர் கீழே கறுப்பாக ஒரு கறை. சர்வேயரம்மா குனிந்து விரலால் தொட்டு, தேய்த்துப் பார்த்து, விரலைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்ன வாசனை?"

"டீசல்" என்றார் தையற்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "பிசுபிசுன்னு இருக்கு. பெட்ரோல்னா இந்நேரம் பறந்திருக்கும்."

"பரவாயில்லையே!" என்று அவர் கைக்குட்டையை வாங்கி விரலைத் துடைத்தார் சர்வேயரம்மா.

கறையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கிளம்பிய தடம் ஜெனரேட்டர் அறையின் கதவுவரை போயிற்று. உள்ளே டீசல் வைக்கும் டிரம் ஒன்று இருந்தது. சர்வேயரம்மா தட்டினார். வெறும் டிரம்மின் சத்தம். அதன் கைப்பம்பின் பிடிக்கும் மூடிக்கும் நடுவே ஒரு சிலந்தி நிம்மதியாக வலை பின்னியிருந்தது. அவர் அதைக் கலைக்காமல் கதவைச் சாத்தினார்.

சாயங்காலம் சென்டரின் கூடம் நிறைந்துவிட்டது. நோயாளிகள், கூட வந்த சொந்தக்காரர்கள், நர்சுகள். நடுவில் சென்டரை நடத்தும் டாக்டர். மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நடந்ததுக்கு இவங்க ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க" என்று டிரைவரைக் காட்டினார்.

டிரைவர் எழுந்தாள். "சொல்றேன். நான் பெட்ரோல் போடலை. மன்னிப்பும் கேக்க மாட்டேன். ஏன்னு இந்த அக்கா சொல்லுவாங்க."

கூடம் சலசலத்தது. மேனேஜர், "வெளியாளுங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று எகிறினார். தையற்காரர் தன் ஒல்லியான உடம்பை எவ்வளவு நிமிர்த்த முடியுமோ அவ்வளவு நிமிர்த்தி அவருக்கும் மனைவிக்கும் நடுவில் போய் நின்றார். டாக்டர் கையமர்த்தினார். "பேசட்டும்."

"நேத்து வேன்ல வந்தவங்க யாரு?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

சிலர் கை தூக்கினார்கள். கடைசி வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் தூக்கினார்.

"சார், வண்டியில ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

"என் வீட்டு மேட்டுல ஏறும்போதே டொக்கு டொக்குன்னு தட்டுச்சும்மா. ஏறவே மாட்டேன்னுச்சு. என்னம்மா உன் குதிரை நொண்டுதுன்னு இந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன்."

"உங்க வீடு பங்க்குக்கு முன்னாடியா, தாண்டியா?"

"முன்னாடிதான். என்னை ஏத்தினப்புறம்தான் பங்க்ல நிறுத்தினா."

சர்வேயரம்மா டாக்டர் பக்கம் திரும்பினார். "டீசல் இஞ்சின்ல பெட்ரோல் கலந்தா, குழாயில தங்கியிருக்கிற நல்ல டீசல் தீர்றவரைக்கும் வண்டி ஓடும். அப்புறம் தட்டும், இழுக்காது, கடைசியா நின்னுடும். இந்த வண்டி பங்க்குக்குப் போறதுக்கு முன்னாடியே தட்டியிருக்கு. இழுக்கலைங்கறதாலதான் இவ காத்துக் குறைஞ்சிருக்கோன்னு பார்க்கவே நிறுத்தியிருக்கா. பங்க்ல பெட்ரோல் போட்டதால வந்த கோளாறுன்னா, பங்க்குக்கு முன்னாடி எப்படி வரும்?"

"அப்போ ராத்திரி யாரோ..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"சாயங்காலம்" என்று திருத்தினார் சர்வேயரம்மா. "முந்தாநாள் கரண்ட் போச்சு. இங்க மிஷின்ல ஆளுங்க படுத்திருந்தாங்க. ஜெனரேட்டர் நிக்காம ஓடுச்சு. டீசல் எங்கேருந்து வந்துச்சு சார்?"

"டிரம்லேருந்துதான். வேற எங்கேருந்து?"

"டிரம் காலி. பம்புல சிலந்தி வீடு கட்டிக் குடியிருக்கு. ரொம்ப நாளா அதை யாரும் தொடலை. ஆனா வேன் நிக்கிற இடத்துல, டேங்க் மூடிக்குக் கீழே டீசல் சிந்தியிருக்கு. அங்கேருந்து ஜெனரேட்டர் ரூம் வரைக்கும் சொட்டியிருக்கு. வேன் சாவி உங்க ரூம்ல மாட்டியிருக்கும். வேன்லேருந்து டீசலை எடுத்து ஜெனரேட்டருக்கு ஊத்தியிருக்கீங்க."

மேனேஜர் திருதிருவென விழித்தார். அன்று அந்த மிஷின்களில் படுத்திருந்தவர்கள் பலரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"எடுத்ததை நான் தப்புன்னு சொல்லலை. உயிரைக் காப்பாத்தின டீசல் அது. அன்னைக்கே சொல்லியிருந்தா எல்லாரும் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாங்க. ஆனா சொன்னா, டிரம்மை ஏன் காலியா விட்டேன்னு டாக்டர் கேப்பார். அதனால எடுத்தது தெரியாம நிரப்பி வைக்கப் பார்த்தீங்க. தோட்டக்காரர்கிட்ட என்ன சொன்னீங்க?"

பதில் கதவருகிலிருந்து வந்தது. தோட்டக்காரர் சிவப்புக் கேனைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"கேன்ல வாங்கிட்டு வந்து வேன்ல ஊத்துன்னார். அவ்வளவுதான் சொன்னார். நான் கேனை வெச்சேன், பங்க்காரன் எப்பவும் போல நிரப்பினான். வேனுக்கு வேற எண்ணெய்னு எனக்கென்னம்மா தெரியும்? நேத்து வண்டி நின்னதும், வாயைத் திறந்தா உன் வேலை போயிடும்னு சார் சொன்னார்." அவர் கேனைக் கீழே வைத்தார். "போனா போகட்டும். ரெண்டு நாளா இந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்க முடியலை."

தையற்காரர் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார், அதில் டீசல் நாற்றம் அடித்தது. மறுபடி பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டார்.

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "சரி. நடந்தது நடந்துபோச்சு. மேனேஜர்கிட்ட நான் தனியாப் பேசிக்கிறேன். நீ நாளைக்கு வேலைக்கு வாம்மா. இதை இத்தோட விட்டுடலாம்."

"விட முடியாது டாக்டர்" என்றாள் டிரைவர்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை.

"என்னை எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க. இப்போ மட்டும் எதுக்குத் தனியா? என்கிட்டயும் தோட்டக்கார அண்ணன்கிட்டயும் இவர் இங்கயே கேக்கணும். அண்ணன் வேலையும் போகக் கூடாது. முடியாதுன்னா சொல்லுங்க, நான் இப்பவே கிளம்புறேன். தலை நிமிர்ந்துதான் போவேன்."

டாக்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

கணக்கு வாத்தியார் காதருகே கையைக் குவித்தார். "கடைசி வரிசைக்குக் கேக்கலை."

மேனேஜர் இரண்டாம் முறை சொன்னபோது கூடம் முழுக்கக் கேட்டது. சர்வேயரம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். போகலாம் என்று கணவருக்குக் கண்ணைக் காட்டினார். தையற்காரர் நகர்வதாக இல்லை.

டிரைவர் நேராக மேனேஜர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"கார் சாவியைக் குடுங்க சார்."

"என் காரா? எதுக்கு?"

"டிரம் காலியா இருக்கு. இன்னைக்கும் கரண்ட் போகலாம். வேனை நீங்க படுக்க வெச்சுட்டீங்க. உங்க கார்லயே போய் டீசல் வாங்கிட்டு வரலாம். நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க. கேனை நீங்களே பங்க்காரன்கிட்ட குடுங்க." சாவி கைக்கு வந்ததும் விரல்களை மூடிக்கொண்டாள். "குடுக்கும்போது வாயைத் திறந்து, என்ன வேணும்னு சொல்லுங்க."